எலும்புக்கூட்டுக்குக் கத்திச் சண்டை கற்றுக்கொடுத்தவர்

மந்திரவாதியின் குகை. அங்கே பாதி இடிந்துபோன ஒரு சுழல் படிக்கட்டு.

மந்திரவாதி கையை நீட்டுகிறான். அசையாமல் இருந்த எலும்புக்கூடு ஒன்று உயிர் பெற்று எழுகிறது! அதன் ஒரு கையில் வாள். மறு கையில் கேடயம்.

சிந்துபாத் வாளை உருவுகிறான். சண்டை தொடங்குகிறது. வாளோடு வாள் மோதுகிறது. எலும்புக்கூடு வெட்ட வருகிறது, சிந்துபாத் தடுக்கிறான். அவன் வெட்டுகிறான், அது விலகிக்கொள்கிறது. இருவரும் படிக்கட்டில் ஏறிக்கொண்டே சண்டை போடுகிறார்கள். கடைசியில் எலும்புக்கூடு உச்சியில் இருந்து கீழே விழுந்து சுக்குநூறாகிறது.

1958-ம் ஆண்டு வெளிவந்த "சிந்துபாத்தின் ஏழாவது பயணம்" என்ற ஆங்கிலப் படத்தில் வரும் காட்சி இது. பார்த்த சிறுவர்கள் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்கள். "குழந்தைகள் பயந்துவிடுவார்கள்" என்று இங்கிலாந்து நாட்டுத் தணிக்கைக்காரர்கள் இந்தச் சண்டையை அப்படியே வெட்டிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆனால் ஓர் உண்மை. சிந்துபாத் வாள் வீசிய அன்று அவன் எதிரே எலும்புக்கூடு இல்லை. அவன் வெறும் காற்றோடுதான் சண்டை போட்டான்!

எலும்புக்கூடு பிறகு வந்து சேர்ந்தது. அதன் உயரம் ஓர் அடிக்கும் குறைவு. அதைச் சண்டை போட வைத்தவர் ஒரே ஒரு மனிதர். அவர் பெயர், ரே ஹாரிஹாசன்.

31 லட்சத்தில் மாயலோகம்

வாளும் மந்திரமும் கலந்த படம் என்றால் செலவு அதிகம். அரண்மனை வேண்டும். கப்பல் வேண்டும். பூதம் வேண்டும். பறவை அரசன் வேண்டும். நெருப்புக் கக்கும் நாகம் வேண்டும்.

சிந்துபாத் படத்தில் இவை எல்லாம் உண்டு. ஆனால் படத்துக்கு ஆன செலவு சுமார் 6½ லட்சம் டாலர்தான். அன்றைய கணக்குப்படி ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. ஆகவே, சுமார் 31 லட்சம் ரூபாய்.

இது பெரிய தொகைதானே என்று நினைக்கலாம். ஹாலிவுட் கணக்கில் இது சில்லறைக் காசு! அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பு, 1956-ல் வந்த "பத்துக் கட்டளைகள்" படத்துக்குச் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர் செலவானது. அந்த ஒரு படத்தின் செலவில் சிந்துபாத் படம் போல 20 படம் எடுத்துவிடலாம்.

பணம் இல்லாத இடத்தில் பூதமும் பறவையும் எப்படி வந்தன?

பணத்துக்குப் பதிலாக ஹாரிஹாசன் தன் வாழ்நாளைச் செலவிட்டார். படப்பிடிப்பு முடிந்த பிறகு, அந்தப் பொம்மைகளை அசைத்துப் படம் பிடிக்க மட்டும் அவருக்கு 11 மாதம் ஆயிற்று!

கிங்காங் பார்த்த சிறுவன்

ஹாரிஹாசன் 1920-ம் ஆண்டு ஜூன் மாதம் 29-ந் தேதி, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். தந்தை இயந்திரத் தொழிலாளி. தாய் வீட்டைக் கவனித்து வந்தார்.

1933-ல் "கிங்காங்" படம் வந்தது. ரேக்கு அப்போது வயது 12. தாயோடும், உறவுக்காரப் பெண்மணி ஒருவரோடும் அந்தப் படத்துக்குப் போனான்.

மலை போன்ற குரங்கு. அது பெரிய மிருகங்களோடு சண்டை போடுகிறது. வானளாவிய கட்டிடத்தின் மீது ஏறி நிற்கிறது. விமானங்களைப் பிடித்து எறிகிறது.

சிறுவன் வீட்டுக்கு வந்தான். தூக்கம் வரவில்லை. "அது உண்மைக் குரங்கு இல்லை, மனிதன் வேஷம் போட்டதும் இல்லை. அப்படியானால் அது என்ன?" இந்த ஒரே கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது.

பல நாள் விசாரித்துப் பதிலைக் கண்டுபிடித்தான். கிங்காங் ஒரு பொம்மை. உயரம் சுமார் ஒன்றரை அடி! வில்லிஸ் ஓபிரையன் என்ற நிபுணர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் படம் பிடித்திருந்தார்.

"நானும் இதைச் செய்வேன்" என்று அன்றே முடிவு செய்தான் ரே. கடைசி வரை வேறு தொழிலை அவன் நினைத்துப் பார்க்கவில்லை.

தாயின் கோட்டு, தந்தையின் கைவேலை

வீட்டுக் கார் கொட்டகைதான் ரேயின் முதல் ஸ்டூடியோ.

முதலில் ஒரு கரடி பொம்மை செய்தான். கரடிக்கு ரோமம் வேண்டாமா? தாயின் பழைய ரோமக் கோட்டு அகப்பட்டது. அது கரடிக்குத் தோலாக மாறியது!

வேறு பெற்றோராக இருந்தால் "படிக்கிற பையனுக்குப் பொம்மை விளையாட்டா?" என்று முதுகில் நாலு வைத்திருப்பார்கள். இந்தத் தாய் தந்தையர் அப்படிச் செய்யவில்லை. மகனோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

தந்தைக்கு இயந்திர வேலை தெரியும். பொம்மையின் உள்ளே இருக்க வேண்டிய உலோக எலும்புகளையும் மூட்டுகளையும் அவர் கடைந்து கொடுத்தார். தாய் ஊசி நூலை எடுத்தார். குட்டிப் பொம்மைகளுக்குச் சட்டை தைத்தார்.

மகன் வளர்ந்து பெயர் பெற்ற பிறகும் தந்தை இந்த வேலையை விடவில்லை. மகன் லண்டனில் குடியேறிய பிறகும், அமெரிக்காவில் இருந்தபடியே உலோக எலும்புகளைச் செய்து கொடுத்தார். சிந்துபாத்தின் எதிரிகள் எல்லாம் ஒரு தந்தையின் கையில் உருவானவர்கள்!

குருவின் கண்டிப்பு

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ரே, தன் மானசீக குருவான ஓபிரையனுக்கு டெலிபோன் செய்தான். "பொம்மைகளை எடுத்துக்கொண்டு வா" என்று அவர் சொன்னார்.

ரே, தான் செய்த ராட்சத விலங்குப் பொம்மையைப் பெருமையோடு கொண்டுபோனான். குரு பார்த்தார். பாராட்டவில்லை. "கால்கள் கால்களாக இல்லை. எலும்பும் தசையும் எப்படி அமைந்திருக்கின்றன என்று முதலில் படி" என்ற கருத்தில் சொல்லிவிட்டார்.

ரே மனம் உடைந்துபோகவில்லை. இரவு வகுப்பில் சேர்ந்தான். உடற்கூறு படித்தான். ஓவியமும் சிற்பமும் கற்றான்.

பின்னாளில் வெறும் எலும்புக்கூட்டை மனிதன் போல நடக்கவும், குனியவும், வாளை ஓங்கவும் செய்தாரே, அதற்கு அந்த இரவுப் படிப்புதான் காரணம்.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் ராணுவத்தின் படப்பிடிப்புப் பிரிவில் வேலை பார்த்தார். போர் முடிந்தது. கடற்படை கழித்துப் போட்ட, காலம் கடந்த கலர் பிலிம் சுமார் 1,000 அடி அவருக்குக் கிடைத்தது. வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தப் பிலிமை வைத்து, 1946-ல் குழந்தைகளுக்கான பொம்மைப் படம் ஒன்றை எடுத்துவிட்டார்!

1949-ல் வந்த "மைட்டி ஜோ யங்" என்ற குரங்குப் படத்தில், அவரைக் கண்டித்த அதே குரு அவரை உதவியாளராக வைத்துக்கொண்டார். பொம்மை அசைக்கும் வேலையில் பெரும் பகுதியைச் செய்தவர் சீடர்தான். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

ஆறு கை ஆக்டோபஸ்

1955-ல் சார்லஸ் ஷ்னீர் என்ற இளம் தயாரிப்பாளரோடு ஹாரிஹாசன் சேர்ந்தார். முதல் படம், கடலில் இருந்து வரும் ராட்சத ஆக்டோபஸ் பற்றியது.

ஆக்டோபசுக்கு எட்டுக் கை. ஆனால் இந்தப் படத்தில் வரும் ஆக்டோபசுக்கு எத்தனை கை தெரியுமா? ஆறுதான்!

ஏன் இந்தக் குறை? கையில் பணம் குறைவு. ஒவ்வொரு கையையும் தனித்தனியாக அசைக்க வேண்டும். கை கூடினால் நாள் கூடும்; நாள் கூடினால் செலவு கூடும். "தண்ணீருக்கு மேலே எட்டும் ஒரே நேரத்தில் தெரியவா போகிறது?" என்று இரண்டு கைகளைக் குறைத்துவிட்டார்கள்.

தியேட்டரில் விரலை மடக்கி எண்ணியவர்கள் மிகக் குறைவு.

பொம்மைக்கு உயிர் வருவது எப்படி?

சினிமாவில் நாம் பார்ப்பது அசையும் படம் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக ஓடும் நிழற்படங்கள். ஒரு விநாடிக்கு 24 படம் ஓடுகிறது. நம் கண் அவற்றை ஒன்றாகச் சேர்த்து, "அசைகிறது" என்று எண்ணிக்கொள்கிறது.

பொம்மைப் படத்தின் ரகசியமும் இதுதான். பொம்மையை மேஜை மீது நிறுத்த வேண்டும். ஒரு படம் எடுக்க வேண்டும். பிறகு பொம்மையின் கையை நூல் அளவு நகர்த்த வேண்டும். இன்னொரு படம் எடுக்க வேண்டும். மறுபடியும் நூல் அளவு. மறுபடியும் ஒரு படம்.

இப்படி 24 தடவை செய்தால், திரையில் 1 விநாடி. 1,440 தடவை செய்தால், 1 நிமிஷம்!

நடுவில் பொம்மை சாய்ந்தாலும், விளக்கு அணைந்தாலும், கை தவறுதலாகப் பட்டாலும் போச்சு. அந்தக் காட்சியை முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

மனிதனும் பொம்மையும் ஒரே இடத்தில்

பொம்மை தனியாக ஆடுவது ஒரு வித்தை. அது உயிருள்ள நடிகரோடு மோதுவது பெரிய வித்தை.

குரு ஓபிரையன் இதற்குக் கண்ணாடியில் காடும் மலையும் வரைந்து, குட்டிக் குட்டி செட்டுகள் போட்டார். அதற்கு ஆள் பலம் வேண்டும். பண பலமும் வேண்டும். சீடரிடம் இரண்டும் இல்லை. அதனால் அவர் சிக்கனமான வேறு வழி கண்டுபிடித்தார்.

முதலில் நடிகர்களை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். அந்தப் படத்தை ஒரு சிறு திரையில் பின்புறம் இருந்து விழச் செய்வார். திரைக்கு முன்னே மேஜை. மேஜை மீது பொம்மை.

காமிராவுக்கும் பொம்மைக்கும் இடையே ஒரு கண்ணாடி. அதன் கீழ்ப் பகுதியில் கறுப்பு வர்ணம் பூசியிருக்கும். அந்தக் கறுப்பு, மேஜையை மறைத்துவிடும். பிலிமில் அந்தப் பகுதி காலியாகவே இருக்கும். பொம்மையை அசைத்து மேல் பகுதியை எடுத்து முடித்த பிறகு, பிலிமைத் திரும்பச் சுற்றுவார். இப்போது மேல் பகுதியை மறைத்துவிட்டு, காலியாக இருந்த கீழ்ப் பகுதியில் நடிகர்கள் நிற்கும் தரையைப் பதிவு செய்வார்.

இரண்டும் சேர்ந்ததும் என்ன ஆகிறது? பொம்மைக்குப் பின்னால் மலை. பொம்மைக்கு முன்னால் பாறை. நடுவில், மனிதர்களுக்கு இடையே பொம்மை நிற்கிறது!

இந்த முறைக்குத் தயாரிப்பாளர் ஷ்னீர் "டைனமேஷன்" என்று பெயர் சூட்டினார். அவருடைய காரில் "டைனபுளோ" என்று ஒரு சொல் எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் இந்தப் பெயர் தோன்றியதாம்.

காற்றோடு சண்டை

சிந்துபாத் கதையைப் படமாக்க வேண்டும் என்பது ஹாரிஹாசனின் பல நாள் ஆசை. எலும்புக்கூடும் சிந்துபாத்தும் சுழல் படிக்கட்டில் சண்டை போடுவது போலப் பெரிய ஓவியம் வரைந்து எடுத்துக்கொண்டு, படமுதலாளிகளின் வாசலில் ஏறி இறங்கினார். "இந்த மாதிரிக் கதை இப்போது ஓடாது" என்று கையை விரித்துவிட்டார்கள். சில ஆண்டுகள் ஓவியம் அப்படியே கிடந்தது. கடைசியில் ஷ்னீர் துணிந்து இறங்கினார்.

பாக்தாத் அரண்மனைக்குச் செட் போடப் பணம் இல்லை. ஸ்பெயின் நாட்டுக்குப் போனார்கள். கிரனாடா நகரில் முஸ்லிம் அரசர்கள் கட்டிய அல்ஹம்ப்ரா என்ற புகழ்பெற்ற அரண்மனை இருக்கிறது. பகலில் அதைச் சுற்றிப் பார்க்க வரும் கூட்டம் போன பிறகு, இரவில் படம் எடுத்தார்கள். பாக்தாத் தயார்!

கப்பல்? பார்சிலோனா துறைமுகத்தில், கொலம்பஸ் சென்ற கப்பலைப் போலவே செய்யப்பட்ட ஒரு கப்பல் நின்றது. அதுவே சிந்துபாத்தின் கப்பல் ஆயிற்று! மந்திரவாதியின் தீவுக்கு மயோர்க்கா தீவின் கடற்கரையும் குகையும் உதவின.

சிந்துபாத்தாக நடித்தவர் கெர்வின் மாத்யூஸ். இத்தாலி நாட்டு வாள் பயிற்சியாளர் ஒருவர் அவருக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார். முதலில் பயிற்சியாளரே எலும்புக்கூட்டின் இடத்தில் நின்று சண்டை போட்டார். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று நாட்டியம் போல ஒவ்வொரு வீச்சுக்கும் கணக்கு. கணக்கு மனப்பாடம் ஆனதும் பயிற்சியாளர் விலகிக்கொண்டார். காமிரா ஓடியது. மாத்யூஸ் தனியாக நின்று, இல்லாத எதிரியின் வாளைத் தடுத்தார். இல்லாத எதிரியை உதைத்தார்.

எதிரி எங்கே நிற்கிறான் என்று கண் தவறாமல் பார்க்க வேண்டும். வாள் சரியான இடத்தில் டக்கென்று நிற்க வேண்டும். நடிகர் ஓர் அங்குலம் தவறினால், பிறகு பொம்மையால் அதைச் சரிக்கட்ட முடியாது. எலும்புக்கூட்டுக்கு ஹாரிஹாசன் உயிர் கொடுத்தார். "எதிரே அது நிற்கிறது" என்ற நம்பிக்கையைக் கொடுத்தவர் மாத்யூஸ்.

படம் நன்றாக ஓடியது. "ஓடாது" என்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கன்னித்தீவும் இந்தக் கதையும்

படத்தின் கதையைக் கேட்டால் தமிழ் வாசகர்களுக்கு ஒன்று நினைவுக்கு வரும்.

மந்திரவாதி ஒருவன், சிந்துபாத் மணக்க இருக்கும் இளவரசியை விரல் அளவுக்குச் சிறியவளாக்கிவிடுகிறான். அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரச் சிந்துபாத் ஆபத்து நிறைந்த தீவுக்குப் பயணம் போகிறான். இது 1958-ல் வந்த படம்.

1960-ல் "தினத்தந்தி"யில் "கன்னித்தீவு" படக்கதை தொடங்கியது. அதிலும் சிந்துபாத் உண்டு. மந்திரவாதி மூசா உண்டு. அவனால் சின்னஞ்சிறு உருவமாகிப்போன லைலா உண்டு. படம் பார்க்காத தமிழ்க் குடும்பங்களிலும், மூசாவையும் லைலாவையும் தெரியாத பிள்ளைகள் இல்லை.

ஏழு எலும்புக்கூடுகள்

ஓர் எலும்புக்கூட்டோடு திருப்தி அடைந்துவிடவில்லை ஹாரிஹாசன். 1963-ல் வந்த "ஜேசனும் ஆர்கனாட் வீரர்களும்" என்ற கிரேக்கப் புராணப் படத்தில், ஏழு எலும்புக்கூடுகளைக் கொண்டுவந்தார்!

ஏழு தலை நாகத்தின் பற்களை மன்னன் தரையில் வீசுகிறான். மண் பிளக்கிறது. வாளும் கேடயமும் ஏந்திய ஏழு எலும்புக்கூடுகள் எழுகின்றன. வரிசையாக நடந்து வருகின்றன. திடீரென்று பாய்கின்றன. எதிரே ஜேசனும் அவனுடைய இரண்டு நண்பர்களும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் எலும்புக்கூட்டுக்கு இரண்டு கை, இரண்டு கால், ஒரு தலை. மொத்தம் ஐந்து. ஏழு எலும்புக்கூட்டுக்கு 35. ஒவ்வொரு படத்துக்கும் இந்த 35-ஐயும் சரியாக நகர்த்த வேண்டும். அதோடு மூன்று மனிதர்களின் வாள் வீச்சோடும் ஒத்துப்போக வேண்டும்.

இந்த வேலைக்கு எத்தனை பேர்? ஒரே ஆள்!

கதவைச் சாத்திக்கொண்டு ஹாரிஹாசன் தனியாக நின்றார். ஒரு நாள் முழுவதும் வேலை செய்தால் சில நாட்களில் 13 படம்தான் தேறும். அதாவது, திரையில் அரை விநாடிக்குச் சற்று அதிகம். காலையில் தொடங்கி மாலை வரை நின்றால், ஓர் எலும்புக்கூடு வாளைப் பாதி ஓங்கியிருக்கும்!

எந்தத் தலை முன்னே வந்துகொண்டிருந்தது, எந்தக் கை பின்னே போய்க்கொண்டிருந்தது என்பதெல்லாம் அவர் மனத்தில்தான் இருந்தது. வேலைக்கு நடுவே டெலிபோன் மணி அடித்தால் ஆபத்து. பேசிவிட்டு வருவதற்குள் எது எந்தப் பக்கம் போனது என்பது மறந்துவிடும்.

திரையில் சில நிமிஷமே ஓடும் இந்தச் சண்டைக்கு அவர் செலவிட்ட காலம், நாலரை மாதம்.

ஏழு எலும்புக்கூடுகளில் ஒன்று புதியது அல்ல. சிந்துபாத்தோடு சண்டை போட்டு "இறந்து"போன பழைய எலும்புக்கூடுதான்! அதையும் சேர்த்துக்கொண்டதால் ஆறு செய்தால் போதும் என்று ஆயிற்று. சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

உழைப்புக்குக் கிடைத்தது என்ன?

இவ்வளவு பாடுபட்டும், படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை.

காரணம் உண்டு. அந்தச் சமயத்தில் இத்தாலியில் இருந்து ஹெர்குலிஸ் போன்ற பயில்வான் படங்கள் அடுக்கடுக்காக வந்துகொண்டிருந்தன. உடம்பை முறுக்கிக் காட்டும் வீரன், அட்டைக் கோட்டை, அவசரத்தில் எடுத்த சண்டை. இவற்றைப் பார்த்துச் சலித்த ஜனங்கள், "இதுவும் அப்படித்தான்" என்று நினைத்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு தந்திரக் காட்சிக்கான ஆஸ்கார் போட்டியில் இரண்டு படங்களின் பெயர்கள் இடம்பெற்றன. ஒன்று "கிளியோபாட்ரா". மற்றொன்று "பறவைகள்". பரிசு கிளியோபாட்ராவுக்குப் போயிற்று. ஏழு எலும்புக்கூடுகளின் பெயர் போட்டியிலேயே இல்லை.

ஹாரிஹாசன் யாரையும் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. அடுத்த படத்துக்கு ஓவியம் வரையத் தொடங்கினார்.

ஆறு வாள் ஏந்திய காளி

1973-ல் மறுபடியும் சிந்துபாத் வந்தான். படத்தின் பெயர், "சிந்துபாத்தின் பொன்னான பயணம்". 15 ஆண்டு கழிந்து, விலைவாசி எல்லாம் ஏறிவிட்ட காலம். அப்போதும் செலவு 10 லட்சம் டாலரைத் தாண்டவில்லை.

இதில் ஒரு காட்சி. ஆறு கைகள் கொண்ட காளி சிலை. மந்திரவாதி சொன்னதும் சிலை கண் விழிக்கிறது, நடனம் ஆடுகிறது. அவன் தன் வாளை வீசுகிறான். காளி பிடிக்கிறாள். ஒரு வாள் ஆறு வாள் ஆகிறது! ஆறு கையிலும் வாளோடு சிந்துபாத்தின் ஆட்கள் மீது பாய்கிறாள்.

நம் ஊர்க் கோவில் காளிக்கும் இந்தப் படக் காளிக்கும் பெயர்தான் ஒற்றுமை. ஆனால் அந்த நடனத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு.

பொம்மை இந்திய நடனம் ஆட வேண்டுமானால், நடனம் தெரிந்தவர் ஆடிக் காட்ட வேண்டும் அல்லவா? ஹாரிஹாசன் தேடிச் சென்றது சூரியகுமாரியை. ஆந்திர கேசரி பிரகாசத்தின் உறவினர். தெலுங்கிலும் தமிழிலும் நடித்துப் பாடிப் புகழ் பெற்றவர். 1952-ல் "மிஸ் மெட்ராஸ்" பட்டம் பெற்றவர். அப்போது லண்டனில் குடியேறி இந்தியக் கலைகளைக் கற்பித்துவந்தார்.

ஆறு கைக்கு என்ன செய்வது? சூரியகுமாரியின் பின்னால் அவருடைய மாணவியை நிறுத்தி, இருவரையும் சேர்த்துக் கட்டி ஆட வைத்தார்கள். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அதன்படி பொம்மையை ஆட வைத்தார் ஹாரிஹாசன். சண்டை ஒத்திகைக்கு மூன்று ஸ்டண்ட் வீரர்களை ஒன்றாகக் கட்டி, ஆறு கைகளிலும் வாள் கொடுத்தார்கள்!

அந்தப் படம் வந்த 1973-ம் ஆண்டிலேயே, மகனுக்காக உலோக எலும்பு செய்து வந்த தந்தை காலமானார்.

இன்னொரு வகைச் சிக்கனம்

குறைந்த செலவில் மந்திர வாள் படம் எடுக்க வேறு வழியும் உண்டு. 1982-ல் "கோனான்" என்ற படம் வெற்றி பெற்றது. உடனே அதே மாதிரி மலிவுப் படங்கள் புற்றீசல் போலக் கிளம்பின.

அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மன், செலவு குறைவு என்று தென் அமெரிக்காவில் உள்ள அர்ஜென்டினாவுக்குப் போய்ப் படங்கள் எடுக்கச் செய்தார். 1983-ல் "டெத்ஸ்டாக்கர்" வந்தது. 1987-ல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. அதில் முதல் படத்துக் காட்சிகளையே எடுத்து ஒட்டிவிட்டார்கள்!

அதுவும் ஒரு சாமர்த்தியம்தான். அந்தப் படங்களை ரசித்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பணம் குறைந்தபோது அவர்கள் வேலையையும் குறைத்தார்கள். ஹாரிஹாசன் வேலையைக் கூட்டினார்.

தாமதமாக வந்த மாலை

1981-ல் வந்த "கிளாஷ் ஆப் தி டைட்டன்ஸ்" ஹாரிஹாசனின் கடைசிப் படம். அதில் வரும் அரக்கி மெதூசாவின் தலையில் முடி இல்லை, 12 பாம்புகள்! அத்தனை பாம்பின் தலையையும் வாலையும் அசைத்தார்கள். இந்தப் படத்துக்கு நிறையப் பணம் கிடைத்தது, உதவியாளர்களும் கிடைத்தார்கள். ஆனால் சினிமாவின் போக்கு மாறிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவர் முழுநீளப் படம் எடுக்கவில்லை.

1993-ல் "ஜுராசிக் பார்க்" வந்தது. ராட்சத விலங்குகளைக் கம்ப்யூட்டர் நடமாட வைத்தது. மேஜை மேல் நிற்கும் பொம்மையின் காலம் பெரும்பாலும் முடிந்தது.

அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பு, 1992-ல், ஆஸ்கார் மேடைக்கு ஹாரிஹாசனை அழைத்துச் சிறப்பு விருது கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 71. விருதை வழங்கியவர் நடிகர் டாம் ஹாங்ஸ். உலகத்தில் எடுக்கப்பட்ட படங்களிலேயே சிறந்தது எலும்புக்கூடுகள் வரும் அந்த ஜேசன் படம்தான் என்று மேடையில் அவர் புகழ்ந்தார். ஓடாமல் போன படத்தைச் சிறுவயதில் பார்த்த பிள்ளைகள் வளர்ந்து, அதற்குத் தீர்ப்புச் சொன்னார்கள்!

ஸ்பீல்பெர்க், ஜார்ஜ் லூகாஸ், பீட்டர் ஜாக்சன் ஆகிய பெரிய டைரக்டர்கள் எல்லாம் தங்களுக்கு ஆசை ஊட்டியவர் ஹாரிஹாசன் என்று சொன்னார்கள். 2001-ல் வந்த "மான்ஸ்டர்ஸ் இன்க்" என்ற கம்ப்யூட்டர் படத்தில், பூதங்கள் சாப்பிடப் போகும் ஓட்டலின் பெயர் "ஹாரிஹாசன்"!

2013-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி லண்டனில் அவர் காலமானார். வயது 92. அவருடைய பொம்மைகளை ஓர் அறக்கட்டளை பாதுகாத்து வருகிறது. 2020-ல் எடின்பரோ நகரில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஹாரிஹாசனுக்குத் தேவைப்பட்ட காமிராவும் பிலிமும் அன்று சுலபத்தில் கிடைக்காத பொருட்கள். இன்று வீட்டில் உள்ள செல்போனே போதும்.

குழந்தையின் களிமண் பொம்மையை மேஜை மீது வையுங்கள். செல்போன் அசையாதபடி இரண்டு புத்தகங்களுக்கு இடையே நிறுத்துங்கள். ஒரு படம் எடுங்கள். பொம்மையின் கையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மறுபடி ஒரு படம். புதிதாகச் செய்கிறவர்களுக்கு விநாடிக்கு 12 படம் போதும். எடுத்த படங்களை வேகமாக ஓட்டிப் பார்த்தால், பொம்மை கையை ஆட்டும்.

பொம்மை நடுவில் விழுந்தால் எரிச்சல் வரும். "போதும், மூடி வை" என்று பெரியவர்கள் சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பொம்மையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹாரிஹாசனின் தாயும் தந்தையும் செய்த உதவி அதுதான்.